எழுபத்திரண்டாவது ஆள்

செக்கானூரணி தாண்டி மூன்றாவது நிறுத்தம் எங்கள் கல்லூரி.
தரவரிசைப் படிவம் இன்று நள்ளிரவோடு மூடுகிறது.
கணக்குத் துறை என்பதால் என் தலையில் விழுந்தது.

கற்பித்தலுக்கு நூற்றில் முப்பது. ஆய்வுக்கு முப்பது.
எங்கள் ஆய்வு இரண்டு கட்டுரை,
ஒன்றில் முதல்வர் நான்காவது பெயர்.
வெளியார் மனதில் நம்மைப் பற்றி என்ன இருக்கிறது,
அதற்கும் பத்து உண்டு.
மதுரை என்றால் டெல்லிக்காரர் கோபுரத்தை நினைப்பார்,
மிஞ்சினால் ஜிகர்தண்டாவை.
எங்கள் தகரக் கூரை சைக்கிள் ஸ்டாண்டையா நினைப்பார்?
அந்தப் பத்தை விட்டுவிட்டேன்.

மிச்சம், வேலைக்குப் போனவர்கள் சம்பளம்.
கூட்டி வகுக்கக் கூடாதாம்,
நடுவில் நிற்பவரின் தொகைதான் வேண்டுமாம்.
நூற்று நாற்பத்து மூன்று பேரை வரிசையில் நிறுத்தினேன்,
குரூப் போட்டோவுக்கு உயரப்படி நிறுத்துவதுபோல.
பெங்களூரில் தொண்ணூறாயிரம் வாங்கும் அருள்வளன்
நாளைக்கே இரண்டு லட்சம் வாங்கினாலும்
எங்களுக்கு ஒரு பைசா ஏறாது.
ஒத்தக்கடையில் கூரியர் பிரிக்கும் சோனைமுத்துவுக்கு
ஆறாயிரத்தில் பாதியைப் பிடித்தாலும் இறங்காது.
இந்தப் பக்கம் எழுபத்தோரு பேர்,
அந்தப் பக்கம் எழுபத்தோரு பேர்,
நடுவில் பாண்டிமீனா.
விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள்.
பதினாலாயிரத்து ஐந்நூறு.
நாங்கள் உதிர்த்த சாக்பீஸ் தூள் அத்தனையும்
அந்த பில் மிஷின் மேல் போய்ப் படிந்திருக்கிறது.

சம்பளச் சீட்டு கேட்டு போன் போட்டேன்.
"நின்னுட்டேன் மேடம், போன வாரமே.
காலைலேருந்து ராத்திரி வரைக்கும்
நின்னு நின்னுதான் நின்னுட்டேன்."
சிரித்தாள்.
"குரூப் ஃபோருக்குப் படிக்கிறேன்."

வேலை, ஒரு கட்டம். மேற்படிப்பு, ஒரு கட்டம்.
கைடை விரித்துவைத்து உட்கார்ந்திருப்பவளுக்கு
கட்டம் தேடினேன், இல்லை.
அவள் வரியை அழித்தேன்.

இப்போது நூற்று நாற்பத்திரண்டு. நடுவில் ஆளில்லை,
இரண்டு பேருக்கு இடையில் ஒரு சந்து.
இவன் பதினாலாயிரம்,
அவள் பதினைந்தாயிரத்து இருநூறு,
கூட்டிப் பாதியாக்கினால்
பதினாலாயிரத்து அறுநூறு.
நூறு ரூபாய் ஏறிவிட்டோம்.

"என்னால காலேஜுக்கு மார்க் கொறயுமா மேடம்?"
இன்னும் லைனில்தான் இருந்தாள்.
"கொறயாது" என்றேன்.
அன்றைக்கு நான் கொடுத்த தகவல்களில்
சரிபார்க்கத் தேவையில்லாதது அது ஒன்றுதான்.

பதினொன்று நாற்பதுக்குப் படிவத்தை அனுப்பிவிட்டு எழுந்தேன்.
கால் மரத்துப்போயிருந்தது,
உட்கார்ந்தே இருந்ததில்.