நின்றபடி ஓடுவது

அமு தரியாவிலிருந்து பிரிந்து, பிரிந்து,
எங்கள் கடைமடைக்கு வரும்போது
அதற்கு ஆறு என்ற பெயர் தீர்ந்துபோயிருக்கும்.
முழங்கால் அளவு வாய்க்கால்.
வயலோ அதைவிட ஒரு முழம் மேடு.

அதனால் மார்ச் முழுக்க
இந்த நீல பெலாருஸ் ஓரடிகூட உழுவதில்லை.
சக்கரத்துக்கடியில் செங்கல்,
பின்னால் சுழலும் தண்டைப் பம்புக்குக் கொடுத்துவிட்டுக்
கரையில் நின்ற இடத்திலேயே
விடிய விடிய ஓடுகிறது.

விதைக்க அல்ல இந்தத் தண்ணீர். உப்பைக் கழுவ.
பனி பெய்திருக்கிறதா என்று வெளியூர்க்காரர் கேட்கும் அளவுக்கு
வெளுத்துக் கிடக்கிறது நிலம்.
மூன்று முறை தேக்கி மூன்று முறை வடித்தால்தான்
பருத்தி முளைக்கச் சம்மதிக்கும்.

இரவு இரண்டு மணிக்கு ஓர் இருமல்.
ஜுமானியாஸ்தான் என்று நினைத்து
"தண்ணி குடி" என்றேன், கண்ணைத் திறக்காமல்.
இருமியது பம்பு.
வாய்க்காலில் சேறு மின்னியது.

எஞ்சினை அணைக்க முடியாது. பேட்டரி செத்து ஒரு வாரம்.
அணைத்தால் தள்ள நாலு பேர் வேண்டும்,
இருப்பது நானும், தூங்குகிற ஒருவனும்.
தண்டை மட்டும் விடுவித்துவிட்டு
கரையோடு மேலே நடந்தேன்.

வளைவுக்கு ஒன்றாக டிராக்டர்கள்,
எல்லாம் நின்றபடி ஓடுகின்றன.
இருட்டில் குரலை வைத்துத்தான் அடையாளம்:
விக்கி விக்கிப் பேசுவது அனாஜான் வீட்டுடையது,
புகைபோக்கியில் தகரம் அதிர்வது பள்ளிக்கூடத்து வாத்தியாருடையது.
இரண்டுமே வெறும் சேற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

எட்டாவது, மத்யாகூபுடையது. புதுசு. சத்தமே இல்லை.
வயல் நிரம்பி, வரப்பு வழிந்து,
அவன் பங்கும் என் பங்கும் கைகோத்து
வடிகாலில் விழுந்துகொண்டிருந்தன.
கண்ணாடிக் கூண்டுக்குள் ஹீட்டர் போட்டு உறங்குகிறான்.

மூன்றாவது டிராக்டரைத் தாண்டும்போதே
அவனுக்கான வசவைத் தயாரித்து வைத்திருந்தேன்.
கதவைத் திறந்தவன் என்னைப் பார்க்கவில்லை,
வயலைப் பார்த்தான்.
"ஐயையோ, பீபிஜான் அக்கா" என்று சாவியைத் திருப்பினான்.
துப்ப இடமில்லாத முலாம்பழ விதை மாதிரி
வசவு வாயிலேயே தங்கிவிட்டது.

திரும்பும்போது தண்ணீரும் கூடவே வந்தது,
அவசரமில்லாமல்.
முன்னால் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மிதந்தது.
அதோடு சேர்ந்து நடந்தேன்.
வாத்தியார் வளைவில் அது சுழலில் மாட்டிக்கொண்டது,
நான் நிற்கவில்லை.
ஒவ்வொரு டிராக்டரும் தன் வாய்க்கு எடுத்துக்கொண்டது போக
மிச்சம், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல்.
போதும்.

நெம்புகோலைத் தள்ளினேன்.
சுமை ஏறியதும் பெலாருஸின் குரல் தாழ்ந்தது,
பம்பு ஒரு முறை ஏப்பம் விட்டது,
பிறகு வெள்ளை நிலத்தின் மேல் கறுப்பாக
ஒரு நாக்கு நீண்டது.

குரல் மாறியதில் ஜுமானியாஸ் எழுந்துவிட்டான்.
"என்ன ஆச்சு?"
"ஒண்ணுமில்ல. ஒரு பாட்டில் வரும்.
பம்பு வாயில் சிக்கறதுக்குள்ள எடுத்துப் போடு."