ஐந்தாவது பூச்சுக்குக் கீழே

ஞாயிற்றுச் சந்தையில் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா,
எண்பது கொருனா.
ஆட்டிப் பார்த்தேன், ஆணி குலுங்கும் சத்தம்.
திறந்தால் ஈயத்தில் வார்த்த பதினோரு வீரர்கள்.
ஏழு பேர் முழுசு, நாலு பேர் அரைகுறை,
தனியே கிடந்த கைகள் மூன்று,
எந்தக் குதிரையுடையதென்று தெரியாத ஒரு வால்.
ஓஸ்த்ராவாவில் பனி கரிநிறமாய் உருகும் மார்ச்.
விற்றவர் பேரம் பேசவில்லை.
"பையன் பிர்னோவுக்குப் போய்விட்டான்" என்றார்,
அடுத்த ஆளுக்குச் சைக்கிள் விளக்கு காட்டப் போனார்.

மருத்துவமனையில் மாவுக்கட்டு அறை என் வேலை.
ஏழு மணியிலிருந்து மூன்று மணிவரை
பனியில் வழுக்கியவர்களின் மணிக்கட்டுகள்.
அங்கே எலும்பு தானாகவே கூடும்,
அசையாமல் பிடித்துக் கொடுப்பது மட்டும்தான் நான்.
சாயங்காலம், சமையலறை மேசையில்,
கட்டைவிரல் உயர ஆட்கள்.
எதுவும் தானாகக் கூடாது.
அரை மில்லிமீட்டர் துளை, அதில் ஊக்குக் கம்பி,
ஒரு சொட்டுப் பசை.
அந்தச் சொட்டு குள்ளவீரனின் கோடாரியை
என் விரலோடு ஒட்டிவிட்டது.
ஸ்தெங்கா அசிட்டோன் கொண்டுவந்தாள்.
சிரிக்கக் கூடாது என்று வந்தவள்
வாசற்படியிலேயே தோற்றாள்.

பூதத்தை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன்.
பெயிண்ட் அத்தனை தடிமன், மூக்கே மழுங்கியிருந்தது.
ஜாம் பாட்டிலில் ஓர் இரவு ஊறல்,
பிறகு பழைய பல்துலக்கி.
முதலில் வெள்ளி உரிந்தது.
அடியில் நகப்பூச்சுச் சிவப்பு, யாரோ அக்காவிடம் திருடியது.
அதன் அடியில் பச்சை, பச்சையில் பதிந்த
சின்னக் கைரேகை.
அப்புறம் பழுப்பு.
ஐந்தாவதாக, ஒரு கண்.

கசகசாவில் பாதி அளவு வெள்ளை,
அதற்குள் விழி,
விழிக்குள் ஒளி ஒரு புள்ளி,
இமைக்குக் கீழே ஊதா நிறத்தில் ஒரு கோடு:
ராத்திரி ஷிஃப்ட் முடிந்து
டிராமுக்குக் காத்திருப்பவனின் களைப்பு.
பதினாறு வருஷமாக நான் கண் எழுதுகிறேன்,
தூரிகை நுனியை நாக்கில் கூராக்கி, மூச்சைப் பிடித்து.
என் பூதங்களே பேயறைந்த மாதிரிதான் விழிக்கும்.

பல்துலக்கியைக் கீழே வைத்தேன்.

அடிப்பாகத்தில் ஊசியால் கீறியிருந்தது:
வி. கா., தொண்ணூற்றிரண்டு.
பிர்னோவுக்குப் போன பையன்
அப்போது பிறந்தே இருக்கமாட்டான்.
அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போனேன்.
அந்த இடத்தில் ஒரு பெண்
உலர்ந்த காளான் விற்றுக்கொண்டிருந்தாள்.
கால் கிலோ வாங்கிவந்தேன்.

முகத்தை விட்டுவிட்டு மற்றதைப் பூசினேன்.
அந்தத் தோல் நிறம் பிடிபடவே இல்லை.
பச்சையில் காவி, காவியில் ஒரு துளி ஊதா,
கையுறை அட்டைப்பெட்டியின் முதுகில் ஏழு திட்டுகள்.
ஏழாவது பொருந்தியது. காய்ந்ததும் மாறியது.
உடைந்த தோளுக்கு அனாதைக் கைகளில் ஒன்று:
கதை வேண்டிய இடத்தில் லாந்தர்.
"கழுத்தில் கோடு தெரிகிறது" என்றாள் ஸ்தெங்கா.
மறுபடி பூசினேன்.
இன்னும் தெரிகிறது.

வியாழன் இரவு, ராடிமின் வீடு.
இரண்டு தடித்த அகராதிகளுக்கு நடுவே பாலம்,
பாலத்தில் லாந்தரோடு பூதம்.
ஒவ்வொருவராகக் குனிந்து அந்தக் கண்ணைப் பார்த்தார்கள்.
"நீயா?" என்றான் ஓத்தா.
வாயில் ரொட்டி இருந்தது, தலையை மட்டும் ஆட்டினேன்,
ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.
அவன் பகடையை உருட்டினான். இருபது.
முதல் வெட்டிலேயே பூதம் செத்தது.
இரண்டு மணிநேரம் பக்கவாட்டில் கிடந்து
விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

காஸ் துணியில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டேன்.
கடைசி டிராம் வளைவுகளில் குலுங்கியது.
வீட்டில் பிரித்துப் பார்த்தால்
லாந்தர் பிடித்த கை தனியே.

இன்றைக்குத் தூங்கலாம் என்றுதான் நினைத்தேன்.
துளைப்பான் எங்கே?