கானோரம் கவிழ்த்த வாளி

பங்களாவில் பூச்சாடி வைப்பது என் வேலை.
ஏழு அறை, ஏழு சாடி.
நண்டுக்கால் சிவப்பில் ஹெலிக்கோனியாத் தண்டு வெட்டி,
எறும்பு உதறி,
மடலுக்குள் தேங்கிய மழையைக் கவிழ்த்துவிட்டு
விடியுமுன் மேசைக்குக் கொண்டுபோவேன்.
அதனால் ஒருநாளும் அதன் காயைப் பார்த்ததில்லை.

பசறை வீதியில் மண் சரிந்த மாதம்
விருந்தாளி யாரும் இல்லை.
வெட்டச் சொல்ல ஆளில்லாமல்
வேலியோரத் தண்டொன்று முற்றியது.
மடல் நுனி கறுத்து, நார் நாராய்க் கிழிந்து,
உள்ளே ஒரு நீலம்.
பள்ளிக்கூட மைப்போத்தல் நீலம்.
மொத்தம் நான்கு பழம்.

"அதன் ஊரில் அதற்கென்று ஒரு குருவி
அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும்,
அது இங்கே இல்லை, காய்க்காது" என்று
முன்பொரு விருந்தாளி சொல்லியிருந்தார்.
அந்தரத்தில் நிற்கத் தெரியாத எங்கள் தேன்சிட்டு
தலைகீழாய்த் தொங்கிக் குடித்ததை
அவர் எழும்புமுன் நான் பார்த்திருக்கிறேன்.

தோட்டக்கார நிமல்சிறி சிரித்தான்:
"கிழங்கு வெட்டித் தாறேன், அடுத்த வருசம் பூ.
கொட்டையோடு ஏன் மல்லுக்கட்டுறாய்?"
கிழங்கு பங்களாவுக்குச் சொந்தம்,
கொட்டை எப்படியும் கொண்டைக்குருவி தின்று
எங்காவது எச்சமிடுவது என்று
இப்போது பதில் வருகிறது.
அன்றைக்குப் பையில் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

சதை பிதுக்க விரல் நீலமானது.
பழத்துக்கு மூன்று, ஒன்றில் மட்டும் இரண்டு,
பதினொரு கொட்டை.
உடைந்த மிளகு மாதிரி, ஆனால் கல்.
பீலிக்கரைத் துவைகல்லில் ஒரு பக்கம் தேய்த்து
உள்வெள்ளை தெரிந்ததும் நிறுத்தினேன்.
மூன்று நாள் வெதுவெதுப்பான தண்ணீர், தினமும் மாற்றி.
தயிர்ச்சட்டியில் ஆற்றுமணலும் தேங்காய்த்தும்பும்.
மார்கழிக் குளிருக்குப் பயந்து
காம்பராவில் அடுப்புக்கு மேல்தட்டில் ஏற்றினேன்.
"கருவாடு வைக்கிற இடத்தில இதென்ன சாமி?"
புனிதவல்லி கேட்டாள்.
ரொட்டி சுடும் சூடு அதற்கும் கொஞ்சம் போனது.

தை. ஒன்றுமில்லை.
பங்குனி. ஒன்றுமில்லை.
ஒன்றைத் தோண்டினேன், வைத்தபடி இருந்தது,
மறுபடி புதைத்தேன்.
வைகாசியில் இன்னொன்றைத் தோண்ட
உள்ளே கூழ்.
அதற்குப்பின் தோண்டவில்லை.
ஆடியில் கருவாடு தன் இடத்தைக் கேட்டது.
சட்டி வாசலுக்கு வந்தது.
புனிதவல்லி அதில் மல்லி போட்டாள்,
மல்லி கருகியது.
மணலை யாரோ கானோரம் கொட்டிவிட்டார்கள்.
யாரோ இல்லை, நான்தான்.

ஐப்பசி மழை மூன்றாம் நாள்
பல் விளக்கப் போனபோது
குழலாய்ச் சுருண்ட ஒற்றை இலை.
மஞ்சளா, கல்வாழையா?
மழை அரித்த மண்ணில் அதன் காலடியில்
கொட்டை ஓடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது,
ஒரு பக்கம் தட்டையாய்.
என் துவைகல்லின் தேய்ப்பு.
வாயில் நுரையோடு குந்தியிருந்தேன்.
மிச்சம் ஒன்பதையும் கான் தண்ணீர்
கீழே எந்த மலைக்குக் கொண்டுபோனதோ.

புதன்கிழமை புல்லுக்கு மருந்தடிக்கும் நாள்.
முதுகில் டாங்கியோடு வந்தான் தவசீலன்.
கானும் கானோரமும் தோட்டத்துக் கணக்கு,
முளைப்பதெல்லாம் புல்.
ஓடிப்போய் வாளியைக் கவிழ்த்தேன்.

"வாளிக்குள்ள என்ன?"
"கோழிக்குஞ்சு."
அவன் காது கொடுத்துக் கொஞ்சநேரம் நின்றான்.
"சத்தத்தையே காணோமே."
"தூங்குது."
பைப்பை உயர்த்திக்கொண்டு
மூன்று எட்டு தாண்டிப் போய்
மறுபடி அமுக்கினான்.

இரவெல்லாம் வாளியை எடுக்கவில்லை.
காலையில் பங்களா நிறைய ஆள்.
ஏழு சாடிக்கு ஆறு தண்டு வெட்டினேன்.
ஏழாம் அறைக்குப் பன்னமும்
கொஞ்சம் பச்சை இலையும்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை.