பட்ட சத்தம்

பொதட்டூர்பேட்டை சௌந்தரவல்லி அடித்த
நூற்று ஐம்பத்து மூன்று கோல்களில்
நாற்பத்தொன்று என்னைத் தாண்டிப் போனவை.
நான் கணக்கு வைத்திருக்கிறேன்.
அவள் வைத்திருக்கிறாளா, தெரியாது.

ஏழாவது, என் கால்களுக்கு நடுவே.
அன்று எனக்குக் கல்யாணமாகி நான்காம் நாள்.
மஞ்சள் கயிறு நெஞ்சுக் கவசத்தின் வாரில் சிக்கிக்கொண்டது.
முப்பதாவது, மழையில்.
முதலில் தண்ணீர்தான் வந்தது,
தண்ணீரை விரட்டிக்கொண்டு பின்னால் பந்து.
நடுவில் இரண்டு வருஷம் நான் ஆடவில்லை. குழந்தை.
அப்போது அவள் அடித்ததெல்லாம்
வேறு யார் யாரையோ தாண்டிப் போயின.
அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

எல்லைக் கோப்பை என்று பெயர்.
எல்லை எங்கே என்று கேட்டால்
திருத்தணிக்காரர்கள் ஒரு பக்கம் கை காட்டுவார்கள்,
நகரிக்காரர்கள் இன்னொரு பக்கம்.
ஏகாம்பரகுப்பத்து மைதானத்தில் புல் கிடையாது.
தூரத்தில் மூக்குமலை மல்லாந்து படுத்து
வானத்தை மோந்துகொண்டிருக்கும்.
மாங்கூழ் ஃபேக்டரி ஓடுகிற மாதங்களில்
ஈயையும் சேர்த்துத் தடுக்க வேண்டும்.

அன்று ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று.
குப்பம் ரெஜினாவின் நூற்று ஐம்பத்திரண்டை
அவள் தொட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது.
ஒவ்வொரு வாரமும் மாலை வாங்கி, வாடி,
காரியதரிசிக்குப் பூக்கடையில் கடன்.

டி-க்கு வெளியிலிருந்து ஒருத்தி ஓங்கி அடித்தாள்.
புழுதி.
நாலைந்து ஸ்டிக், எட்டோ பத்தோ கால்.
சௌந்தரவல்லி விழுந்தபடி கையை நீட்டியது தெரிந்தது.
பிறகு பந்து வலைக்குள் கிடந்தது,
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி.

அவள் ஸ்டிக் பட்டிருந்தால் கோல்.
படாவிட்டால் ஒன்றுமே இல்லை.

சுதர்சன ராஜு விசிலை வாயில் வைத்தார், எடுத்தார்.
அந்தப் பக்கத்து அம்பயரைப் பார்த்தார்.
அவர் கண்ணில் வெயில்.
பிறகு, எந்த ரூல் புத்தகத்திலும் இல்லாதபடி
என்னிடம் நடந்து வந்து கேட்டார்:
"தகிலிந்தா?"

நான் பார்க்கவில்லை.
கேட்டேன்.
பகலெல்லாம் இருபத்து நாலு விசைத்தறிக்கு நடுவே நிற்கிறவள்.
அத்தனை இரைச்சலில் ஒன்பதாம் தறியில்
ஓர் இழை அறுந்தால் திரும்பிவிடுவேன்.
மேஸ்திரிக்கு அது ஆச்சரியம்,
எனக்குக் கூலி.
புழுதிக்குள் அப்படி ஒன்று கேட்டது.
டிக்.
நகம் வெட்டுகிற அளவுக்கு.

இல்லை என்றிருக்கலாம்.
எங்கள் பெண்கள் பத்துப் பேரும் என் ஹெல்மெட்டையே பார்த்தார்கள்.
அவள் மட்டும் பார்க்கவில்லை.
முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
எனக்கு எரிச்சலே அதுதான்.

"தகிலிந்தி" என்றேன்.
போதாதென்று, "பட்டுச்சு சார்."

பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்களாம்.
மனசெல்லாம் இல்லை.
கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு
திங்கட்கிழமை தறியில் என் காதை
நான் எப்படி நம்புவது?

மைக்கில் தெலுங்கில் நூட்ட யாபை மூடு என்றார்கள்.
தமிழில் நூற்று அறுபத்து மூன்று என்றார்கள்,
கூச்சல் எழுந்ததும் பத்தைக் குறைத்தார்கள்.
மாலை வந்தது, ஆறாவது மாலை.
வலையிலிருந்து பந்தை எடுத்து அவளிடம் போட்டேன்.
ஒரு கையால் பிடித்தாள்.
"உன் பேரு என்ன?"

பதினோரு வருஷம்.

"மரகதம்" என்றேன், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.
"கனகமா?" என்றாள், மாலைக்குள்ளிருந்து.
நான் திருத்தவில்லை.

இன்னும் ஒன்பது நிமிஷம் பாக்கி.
நாங்கள் தோற்கிற ஒன்பது நிமிஷம்.
கடைசி நிமிஷத்தில் அவள் தனியாக வந்தாள்,
கழுத்தில் மிச்சமிருந்த சாமந்தி இதழ் பறக்க.
நான் வெளியே ஓடினேன்,
பக்கவாட்டில் விழுந்தேன்,
வலது கால் போய் நின்ற இடத்தில் பந்து இருந்தது.

கோல் எழுதுகிற நோட்டில் அதற்குப் பத்தி கிடையாது.
பந்து எகிறி வேலிக்காத்தான் முள்ளுக்குள் விழுந்தது.
எடுக்கப் போன பையன் தேடிக்கொண்டே இருந்தான்,
விசில் ஊதிவிட்டார்கள்.