ஏழாம் வாய்ப்பாடு

டோர் பேடைக் கழற்றினால்
பேட்ரோலுக்குள் ஒரு கை மணல்,
பேரீச்சங்கொட்டை, யாருடையதோ ஒரு ஹேர்பின்.
மிஷாரிக்குப் பன்னிரண்டு இஞ்ச் சப்வூஃபர் இரண்டு.
சிக்னலில் நிற்கும்போது
பக்கத்து வண்டிக் கண்ணாடி நடுங்க வேண்டுமாம்.
நடுங்கியது, ஷுவைக்கின் தகரக் கூரையும் சேர்ந்து.

அடுத்தது குல் ஜமானின் தண்ணி லாரி.
"ஒரே ஸ்பீக்கர். இடது கதவில்.
வலது காது இன்ஜினுக்கு,
பெல்ட் கத்தினால் தெரியணும்."

சோதிக்கப் பாட்டுத் தேடிய விரல் தவறி
மகளின் வாய்ஸ் மெசேஜில் பட்டது.
ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு...
நிறுத்தப் போனேன். கையைத் தட்டிவிட்டான்.
மொழி தெரியாத தலை
தாளத்துக்கு ஆடியது.

ஆறு இஞ்ச் கோன், புது ஆம்ப்,
கதவில் ஒட்டின தார்ஷீட் இன்னும் சூடு.
எண்ணேழு ஐம்பத்துநாலு என்று
அவள் தப்பாய்ச் சொன்னது
அத்தனை சுத்தமாய்க் கேட்டது.