மூடிய பெட்டி

ஜெயிலானி முதலில் போட்டுக் காட்டியது
ஒரு குத்துப் பாட்டு.
டிக்கியில் இருந்த பன்னிரண்டு அங்குல வூஃபர்
கோத்தகிரி மார்க்கெட் ரோட்டில் நின்ற
யாருடைய ஸ்கூட்டியையோ அலற வைத்தது.
'எப்படி?' என்றான்
பிள்ளை பெற்றவன் முகத்தோடு.

நன்றாகத்தான் இருந்தது,
பந்தியில் உட்கார்ந்தவன் தோளைத்
தட்டிக்கொண்டேயிருக்கும் சித்தப்பா மாதிரி.

என் பென் டிரைவைச் செருகினேன்.
இரட்டைக் கிக் டிரம்,
நொடிக்குப் பதின்மூன்று மிதி.
பதின்மூன்றும் சேர்ந்து
ஒரே மாவாய் வழிந்தது.
'அண்ணே, பாட்டா இது, பஸ்ஸு ஸ்டார்ட் ஆகலையா?'
ஒயர் சீவிக்கொண்டிருந்த பெள்ளிராஜ்.

எனக்கு விளக்கத் தெரியவில்லை.
அடி விழ வேண்டும்.
விழுந்ததும் எழுந்து போய்விட வேண்டும்,
ரேஷன் கடையில் கைரேகை வைத்தவன்
அடுத்தவனுக்கு நகர்வதுபோல.
துளை வைத்த பெட்டி
வந்த அடியை விடாமல் பிடித்து வைத்து ஊளையிடும்.
மூடிய பெட்டி கொடு.
பத்து அங்குலம் போதும்.

ஆம்ப்ளிஃபயர் அட்டையில்
இரண்டாயிரம் வாட் என்று மின்னல் போட்டிருந்தது.
ஜெயிலானி நல்லவன், அவனே சொன்னான்:
'அது இடி விழுந்தா வர்றது.
தினசரிக்கு நூத்தம்பதுதான்.'
மாப்பிள்ளை பார்க்கும்போது
இதைத்தான் கேட்டிருக்கணும் என்றாள் லோசினி.

அவளுக்குக் கடைசிவரை புரியாதது ஒன்று:
'எட்டு மணி நேரம் இரும்புக்குள்ள நின்னுட்டு வந்து
திரும்பவும் இரும்பா?'

ஃபேக்டரியில் உருளைகள் இலையை அரைக்கும்போது
மேஸ்திரியின் உதட்டைப் பார்த்துத்தான்
வேலை செய்கிறோம் எல்லோரும்.
அங்கே நிறுத்தும் பொத்தான் என் கையில் இல்லை.
காரில் இருக்கிறது.
வேறென்ன சொல்ல?

போனஸில்
கதவுக்குள் ஒட்டும் தார் ஷீட், நாலு சேனல் ஆம்ப்,
தனி ட்வீட்டர், கூலி போக
நானூற்றுச் சொச்சம் மிச்சம்.
ஸ்வெட்டர் வாங்கித் தருவதாகச் சொன்ன பணம் அது.
பழைய ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு
இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

அரவேணு வரை
அவரைக்காய் உரித்துத் தட்டில் போட்டதுபோல்
பதின்மூன்றும் தனித்தனி.
ஸ்டியரிங்கில் விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனேன்.

முள்ளூர் இறக்கத்தில் சிம்பல்கள் காணாமல் போயின.
பாடுகிறவன் கம்பளிக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.
வண்டியை ஓரம் கட்டி,
'ட்வீட்டர் போயிருச்சு' என்றேன் போனில்.
'எங்க நிக்கிறீங்க?'
சொன்னேன்.
'எச்சில் முழுங்குங்க' என்றான்.

முழுங்கினேன்.
வலது காது டப்பென்று திறந்தது.
கண்ணாடித் தட்டு உடைந்த மாதிரி
அத்தனை சிம்பலும் உள்ளே.
சிரித்துவிட்டேன்.
இடது காதுக்காக இன்னொரு முறை.
இன்னொரு முறை.
கொட்டாவி விட்டுப் பார்த்தேன்.
மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தேன்.

'இந்தப் பக்கம் ஒருத்தன் தனியா
வேற என்னமோ வாசிக்கிறான்,
நல்லாருக்குல்ல?'
முதல் முறையாக அவள் கேட்டாள்.
'ம்' என்றேன்.

பதினாலு வருஷமாக இரண்டாம் நம்பர் உருளை
எனக்கு இடப்பக்கம்.

குஞ்சப்பனையில் பலாப்பழ வாடை.
யானை நிற்கும், பாட்டை நிறுத்து என்றாள்.
நிறுத்தினேன்.
மெல்லிய விசில் ஒன்று மட்டும் நிற்கவில்லை.
எர்த் ஒயர் சரியாகப் பிடிக்கவில்லை போலும்,
ஆல்டர்னேட்டர் சத்தம் கசிகிறது.
என்ஜினை அணைத்தேன்.
சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன்.

சில்வண்டுகூட இல்லை.
விசில் இருந்தது.

'என்ன பாக்குறீங்க?'

'ஒயரை' என்றேன்.