மூலையில் ஓர் எழுத்து

புர்க்டோர்ஃப், கீழ்நகரம், வியாழக்கிழமை.
கதவைத் திறக்கிறவர்கள் முதலில் இருமுகிறார்கள்,
பிறகுதான் வணக்கம்.

ஒவ்வொரு மருந்துப் பெட்டியின் மூலையிலும்
கொசுவளவு ஓர் எழுத்து.
பயிற்சிக்கு வந்த முதல் வாரம்
இந்த ஊர் உச்சரிப்பில் மனப்பாடம் செய்தேன்:
ஆ, பே, த்சே, டே, ஏ.

ஆ என்றால் வைத்தியர் சீட்டு, ஒவ்வொரு தடவையும்.
பே என்றாலும் சீட்டுத்தான், கொஞ்சம் இளக்கம்.
த்சே என்றால் எங்கள் வாய்ச்சொல் போதும்.
டே என்றால் பக்கத்துக் கடையிலும் உண்டு,
பெயரே தோளில் தட்டிக் கூப்பிடுகிறதே.
ஏயை யாரும் கேள்வி கேட்பதில்லை,
சூப்பர்மார்க்கெட்டில்
ரொட்டிக்கும் பற்றறிக்கும் நடுவே கிடக்கும்.

ஒரு வருடம் பேர்னிலிருந்து தாள் வந்தது.
த்சே இனிக் கிடையாது.
அதிலிருந்த பலது டேக்குப் போயின,
சிலது பேக்கு.
எது ஏற்றம், எது இறக்கம் என்று
எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கோடெயின் இருமல் பாணி பேக்குப் போனது.
அதே பழுப்புப் போத்தல்,
அதே திறக்க முடியாத மூடி.

பதினொரு நவம்பர்களாக
திரு ரோட்லிஸ்பெர்கருக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.
தபால் பஸ் ஓட்டியவர், சில்லறை சரியாகக் கொண்டுவருவார்.
அன்றைக்குச் சொன்னேன்:
பொறுங்கள், மருந்தாளரைக் கூப்பிடுகிறேன்.
மனிதர் பே என்று முழித்தார்.
எழுத்து சரிதான்.

ஏஷ்லிமன் அம்மா வந்தார், கண்ணாடியை இறக்கினார்,
பெயர், பிறந்த தேதி, எத்தனை நாள் இருமல், வேறென்ன குளிசை
எல்லாம் கணினியில் தட்டினார்.
'நான் என்ன செய்துவிட்டேன்?'
'நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. மருந்தும்தான்.'

முழு உண்மை அதுவுமில்லை.
ரயில் நிலையப் படிக்கட்டில்
லெமனேட் போத்தல்களோடு அந்தப் பழுப்புப் போத்தல்களையும்
காலை ஆறு மணிக்குப் பார்த்திருக்கிறேன்.
ஒன்றின் மேல் எங்கள் கடையின் விலைச்சீட்டு.
யாருக்குக் கொடுத்தேன் என்று
இரண்டு நாள் முகங்களாக நினைத்துப் பார்த்தேன்.

மாசி மாதம் பரஞ்சோதி அண்ணை வந்தார்.
ஹோட்டல் சமையலறையில் முதுகு போனவர்,
மூன்று வருடமாக உதவிப் பணம்.
இடுப்புக்குப் பூச ஏதாவது தா என்றவர்
சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து
கல்லாவில் வைத்தார்.
வதிவிட அட்டை. அதிலும் ஓர் எழுத்து.
பத்தொன்பது வருடம் காத்து வாங்கியது.
'இதைப் பேக்கு இறக்கலாமாம், பிள்ளை.
புதுச் சட்டமாம். கன்டோன் யோசிக்குதாம்.'

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ச்சே, என்றார்.
எழுத்தைப் படித்தாரா
அலுத்துக்கொண்டாரா, கேட்கவில்லை நான்.

களிம்பைப் பையில் போட்டேன்.
'இதுக்கும் பெயர், பிறந்த திகதி சொல்லோணுமோ?'
'இல்லையண்ணை, இது டே.'
'ஆரைப் பாத்து டே எண்டுறாய்?'
சிரித்தார். முதுகு பிடித்துக்கொண்டது.
பாதியில் நிறுத்தி, மேசையைப் பிடித்தபடி நின்றார்.

பின் இழுப்பறையில்
பழைய அச்சுப் பெட்டி ஒன்று அகப்பட்டது.
மூலையில் இன்னும் அந்த எழுத்து.
காலாவதிக்கு நாலு மாதம் இருந்தது.